ஹூஸ்டனில் வாடகைக்கு விட ஒரு வீடு வாங்கலாமா?

வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஹூஸ்டன் பற்றியவை. ஆஸ்டினோடு ஒப்பிட்டால் வீட்டு விலை கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது, வேலை இருக்கிறது, நம் ஆட்களும் நிறைய இருக்கிறார்கள், அதனால் சேமிப்பை அங்கே ஒரு வாடகை வீட்டில் போடலாம் என்று பலருக்கும் தோன்றுகிறது. நல்ல யோசனைதான். ஆனால் எழுதியவர்களில் பாதிப் பேர் அனுப்பிய கணக்கில் புயலும் இல்லை, வெள்ளமும் இல்லை. அதனால் பக்கம் முழுவதையும் இதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: கேட்டி பக்கம் மூன்று படுக்கையறை வீடு ஒன்று பார்த்து வைத்திருக்கிறோம். விலை 3 லட்சம் டாலர். கையிலிருந்து 90,000 போட்டு, மீதிக்கு 7 சதவீத வட்டியில் 30 வருடக் கடன். தவணை, சொத்து வரி, இன்ஷூரன்ஸ், எச்.ஓ.ஏ. (குடியிருப்போர் சங்கக் கட்டணம்) எல்லாம் சேர்த்து மாதம் 2,225 டாலர் ஆகும். வாடகை 2,400 வரும் என்கிறார்கள். மாதம் 175 மிஞ்சும். வீடு வெள்ள வரைபடத்தில் அபாயம் குறைந்த எக்ஸ் ஜோனில் இருப்பதால் வெள்ளக் காப்பீடு தேவையில்லை என்று ஏஜென்ட் சொன்னார். வாங்கலாமா?
- வாசகர், ஆஸ்டின்

பதில்: முதலில் அந்த எக்ஸ் ஜோன் விஷயத்தைப் பேசிவிடுவோம், ஏனென்றால் பணத்தை இழந்தவர்களில் பலர் அங்கேதான் ஏமாந்திருக்கிறார்கள். எக்ஸ் ஜோன் வீட்டுக்குக் கடன் கொடுக்கும் வங்கி, வெள்ளக் காப்பீடு எடுத்தே ஆகவேண்டும் என்று சட்டப்படி வற்புறுத்த வேண்டியதில்லை. அந்தக் குறி சொல்வது அவ்வளவுதான். தண்ணீர் வருமா வராதா என்பது வேறு கேள்வி. 2017 ஆகஸ்ட் 25 இரவு ராக்போர்ட் அருகே கரையைக் கடந்த ஹார்வி புயல், அதற்குப் பிறகு நகராமல் நின்று நாள்கணக்கில் கொட்டித் தீர்த்ததில் ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் கவுண்ட்டியில் மட்டும் சுமார் 1,54,000 வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அவற்றில் 68 சதவீத வீடுகள் ஃபீமாவின் (மத்திய அரசின் பேரிடர் மேலாண்மை அமைப்பு) வரைபடத்தில் நூறு வருட வெள்ளப் பகுதி என்று குறித்த இடத்துக்கு வெளியே இருந்தவை. 64 சதவீத வீடுகளுக்கு வெள்ளக் காப்பீடே இல்லை. அவர்களிடமும் யாரோ ஒரு ஏஜென்ட் "தேவையில்லை" என்று சொல்லியிருப்பார்.

சரி, வீடு அந்தப் பகுதிக்கு உள்ளேயே இருந்தாலும், நூறு வருடத்துக்கு ஒரு தடவைதானே என்று சிலர் சொல்வார்கள். ஒவ்வொரு வருடமும் 1 சதவீத வாய்ப்பு என்பதுதான் அதன் கணக்கு. 30 வருடக் கடன் முடிவதற்குள் ஒரு தடவையாவது தண்ணீர் வர ஏறக்குறைய 26 சதவீதம் வாய்ப்பிருக்கிறது, அதாவது நாலில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் கூட. ஹூஸ்டனின் மெயர்லேண்ட் பகுதியில் பல வீடுகளுக்கு 2015, 2016, 2017 என்று மூன்று வருடமும் அடுத்தடுத்துத் தண்ணீர் வந்தது.

இப்போது நீங்கள் பார்த்திருக்கும் கேட்டி. அந்தப் பக்கத்தில் ஆடிக்ஸ், பார்க்கர் என்று இரண்டு நீர்த்தேக்கங்கள் இருக்கின்றன. நகரின் மையப்பகுதியை பஃபலோ பையூ என்ற ஓடையின் வெள்ளத்திலிருந்து காப்பாற்றுவதற்காக ராணுவப் பொறியாளர் படை 1940களில் கட்டியவை. மழை இல்லாத நாளில் அங்கே தண்ணீர் இருக்காது, பூங்காவும் காடும் சைக்கிள் பாதையுமாகத்தான் இருக்கும், அதனால் அது நீர்த்தேக்கம் என்றே புதிதாக வருபவர்களுக்குத் தெரிவதில்லை. அணைக்குப் பின்னால் தண்ணீர் அதிகபட்சம் எவ்வளவு தூரம் தேங்க முடியுமோ அவ்வளவு நிலத்தையும் அரசு வாங்கவில்லை. வாங்காமல் விட்ட விளிம்பில் வீடுகள் வந்துவிட்டன. ஹார்வியின்போது தேக்கம் நிரம்பி, தண்ணீர் பின்பக்கமாக ஏறி அந்த வீடுகளுக்குள் வந்தது. ஆகஸ்ட் 28 அதிகாலையில் மதகுகளைத் திறந்தபோது அணைக்கு முன்பக்கம் இருந்தவர்களின் வீடுகளும் மூழ்கின. பின்பக்க வீடுகளில் பல, நூறு வருட வெள்ளப் பகுதியில் இல்லாதவை. ஃபோர்ட் பெண்ட் கவுண்ட்டியில் சில மனைப்பிரிவுகளின் பதிவு வரைபடத்திலேயே இங்கே தண்ணீர் தேங்கலாம் என்று ஒரு வரி இருந்தது. வீடு வாங்கும்போது அந்த வரைபடத்தை எடுத்துப் படிப்பவர் யார்? நீங்கள் படியுங்கள். அப்புறம், டெக்சாஸில் 2019 செப்டம்பரிலிருந்து வீட்டை விற்பவர் தரவேண்டிய அறிவிப்புப் படிவத்தில் வெள்ளம் பற்றித் தனிக் கேள்விகள் சேர்ந்திருக்கின்றன. முன்பு தண்ணீர் புகுந்ததா, வெள்ளக் காப்பீட்டில் பணம் கேட்டிருக்கிறார்களா, வீடு ஏதாவது நீர்த்தேக்கத்தின் தேங்கும் எல்லைக்குள் வருகிறதா என்று நேராகவே கேட்கிறது. "தெரியாது" என்று குறித்திருந்தால், பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி அங்கே ரொம்ப நாளாக இருப்பவரிடம் கேளுங்கள். அவருக்குக் கண்டிப்பாகத் தெரிந்திருக்கும்.

இனி உங்கள் கணக்கு. மாதம் 175 என்றால் வருடத்துக்கு 2,100 டாலர். வீட்டுக்குள் ஒரு அடி தண்ணீர் வந்து, நான்கு மாதம் காலியாகக் கிடக்கிறது என்று வையுங்கள். பெரிய புயலுக்குப் பிறகு ஊரில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தச்சரும் எலக்ட்ரீஷியனும் வேண்டியிருக்கும், அதனால் நான்கு மாதம் என்பதைக் குறைந்தபட்சமாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். வாடகை வராது, ஆனால் தவணையும் வரியும் நிற்காது. நான்கு மாதத்துக்கு 8,900 டாலர் உங்கள் சம்பளத்திலிருந்து போகும். நான்கு வருடத்துக்கும் மேலான லாபம் அதில் கரைந்துவிட்டது, பழுதுபார்க்கும் செலவை நான் இன்னும் சொல்லவே இல்லை. இந்த நான்கு மாத வாடகையை இன்ஷூரன்ஸ் தராதா என்று கேட்பீர்கள். அரசின் தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டம் தராது. கட்டடத்துக்கு அதிகபட்சம் 2.5 லட்சம் டாலர், உள்ளே இருக்கும் உங்கள் பொருட்களுக்குத் தனியாக எடுத்தால் அதிகபட்சம் 1 லட்சம், அதோடு சரி. நின்றுபோன வாடகை அதில் வராது. தனியார் வெள்ளக் காப்பீடு சிலவற்றில் வாடகை இழப்பும் சேர்ந்து வரும், அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

தண்ணீர் வராமல் காற்று மட்டும் அடித்துக் கூரை போனாலும் செலவு உண்டு. புயல் காற்று, ஆலங்கட்டி மழைக்கு டிடக்டிபிள், அதாவது சேதத்தில் நீங்கள் முதலில் ஏற்க வேண்டிய தொகை, பெரும்பாலும் சதவீதத்தில் இருக்கும். 2.8 லட்சத்துக்கு வீட்டை இன்ஷூர் செய்திருந்து டிடக்டிபிள் 2 சதவீதம் என்றால், முதல் 5,600 டாலர் உங்கள் பொறுப்பு.

ஃபீமா உதவி வருமே என்று நினைக்க வேண்டாம். தனிநபர்களுக்கு வீடு பழுதுபார்க்க ஃபீமா தரும் பணம், உரிமையாளர் தானே குடியிருக்கும் வீட்டுக்குத்தான். வாடகை வீட்டு உரிமையாளரை அரசு தொழில் செய்பவராகப் பார்க்கிறது, அவருக்குச் சிறுதொழில் நிர்வாகம் மூலம் 20 லட்சம் டாலர் வரை பேரிடர்க் கடன் கிடைக்கலாம். ஆனால் அது கடன். வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும்.

ஆகவே நான் உங்களைக் கேட்பது ஒன்றுதான்: இந்த வீட்டைக் காலியாக எத்தனை மாதம் உங்களால் தாங்க முடியும்? ஆறு மாதச் செலவு 13,350, காற்று டிடக்டிபிள் 5,600, வெள்ள டிடக்டிபிள் ஒரு 5,000 என்று வைத்தால் ஏறக்குறைய 24,000 டாலர் ஆகிறது. அந்த 90,000 போக இந்தப் பணம் வங்கியில் தனியாக, தொடாமல் இருக்கிறது என்றால், வீடு தேக்க எல்லைக்குள் வரவில்லை என்றும் உறுதியானால், எக்ஸ் ஜோனாகவே இருந்தாலும் வெள்ளக் காப்பீட்டின் பிரீமியத்தைச் சேர்த்து மறுபடி கணக்குப் போடுங்கள். அப்போதும் கையில் ஏதாவது மிஞ்சினால் வாங்கலாம். இந்த விலையில், இந்த வட்டியில் மிஞ்சாது என்று எனக்குத் தோன்றுகிறது. விலையைக் குறைக்கச் சொல்லிப் பாருங்கள், மறுத்தால் விட்டுவிடுங்கள். ஹூஸ்டனில் வீட்டுக்குப் பஞ்சமில்லை.

கேள்வி: சுகர்லேண்டில் நாங்கள் இருந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, வேலை மாற்றத்தால் நார்த் கரோலினா வந்துவிட்டோம். இன்ஷூரன்ஸ், வெள்ளக் காப்பீடு இரண்டும் பழையபடியே ஓடுகின்றன. பிரீமியம் தவறாமல் கட்டுகிறோம். வேறு ஏதாவது செய்ய வேண்டுமா?
- வாசகி, ராலே

பதில்: உடனே செய்ய வேண்டும், இந்த இதழைக் கீழே வைத்துவிட்டு முதலில் உங்கள் ஏஜென்டைக் கூப்பிடுங்கள் என்றே சொல்வேன். உங்களிடம் இருப்பது உரிமையாளர் குடியிருக்கும் வீட்டுக்கான பாலிசி. நீங்கள் அங்கே குடியில்லை. நாளைக்குக் கூரை பறந்து நீங்கள் பணம் கேட்கும்போது, யார் குடியிருந்தார்கள் என்ற கேள்விதான் முதலில் வரும், கம்பெனி பணம் தர மறுக்க அதுவே போதும். வாடகைக்கு விட்ட வீட்டுக்கென்று தனி பாலிசி இருக்கிறது. அதில் காற்றாலோ தீயாலோ வீடு குடியிருக்க முடியாமல் போனால் வாடகை இழப்பும் கிடைக்கும்படி எடுக்கலாம். அதைச் சேர்த்திருக்கிறார்களா, எத்தனை மாதத்துக்கு என்று கேளுங்கள். கூரைக்கு எப்படிப் பணம் தருவார்கள் என்றும் கேளுங்கள். கூரை பழசு என்றால் தேய்மானம் கழித்துத்தான் தருவோம் என்று பல பாலிசிகளில் ஒரு இணைப்புத் தாள் இருக்கும். இருபது வருடம் வரும் கூரைக்குப் பத்து வயதாகிவிட்டது என்றால் பாதிப் பணம்தான் வரும், அதிலும் டிடக்டிபிள் கழியும்.

வெள்ளக் காப்பீட்டில் இன்னொரு விஷயம், இது வாடகை வீடு வைத்திருக்கும் பலருக்குத் தெரியவே தெரியாது. அரசுத் திட்டத்தில், நீங்கள் குடியிருக்கும் தனி வீட்டுக்குப் போதிய தொகைக்குக் காப்பீடு எடுத்திருந்தால், நனைந்துபோன சுவரையும் அலமாரியையும் புதிதாகப் போட ஆகும் விலையைத் தருவார்கள். வாடகை வீட்டுக்கு அந்தச் சலுகை கிடையாது, தேய்மானம் கழித்த மதிப்புதான். பதினைந்து வருடப் பழைய சமையலறைக்குப் பதினைந்து வருடத் தேய்மானம் கழித்த விலை. மிச்சம் உங்கள் கையிலிருந்துதான். அப்புறம், பாலிசியில் வருடாவருடம் சேர்க்கும் ஒரு கூடுதல் கட்டணம் குடியிருக்கும் வீட்டுக்கு 25 டாலர், மற்ற வீடுகளுக்கு 250. இதை மிச்சம் பிடிக்கலாமே என்று பழையபடி விட்டுவைக்காதீர்கள், பாலிசியில் தவறான தகவல் இருந்தால் அவதிப்படப்போவது நீங்கள்தான்.

சொத்து வரியில் ஹோம்ஸ்டெட் விலக்கு (சொந்த வீட்டில் குடியிருப்பவருக்கான வரிச் சலுகை) இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் அதையும் ஃபோர்ட் பெண்ட் மதிப்பீட்டு அலுவலகத்துக்குச் சொல்லி எடுத்துவிடுங்கள். வரி கூடும். ஆனால் பின்னால் கண்டுபிடித்து மொத்தமாகக் கேட்டால் அதைவிடக் கூடுதலாகும்.

கேள்வி: பெரில் புயலில் எங்கள் வாடகை வீட்டுக்கு ஒரு சேதமும் இல்லை, கரண்ட் மட்டும் எட்டு நாள் இல்லை. குடித்தனக்காரர் அந்த எட்டு நாள் ஓட்டலில் தங்கியதாகச் சொல்லி, வாடகையில் 600 டாலர் கழித்துக்கொண்டுதான் கொடுத்தார். நான் அப்போது எதுவும் சொல்லவில்லை. அடுத்த புயலுக்கும் இப்படிச் செய்தால் என்ன செய்வது? சட்டம் யார் பக்கம்?
- வாசகர், சைப்ரஸ்

பதில்: 2024 ஜூலை 8 அன்று பெரில் முதல் வகைப் புயலாகத்தான் வந்தது, அதற்கே ஹூஸ்டன் வட்டாரத்தில் 22 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் மின்சாரம் போனது. மே மாதம் அடித்த சூறைக்காற்று வேறு. ஆகவே இது இனியும் நடக்கும் என்று வைத்துத்தான் ஒப்பந்தம் எழுத வேண்டும்.

மின் கம்பெனியின் கம்பி அறுந்தது உங்கள் தவறில்லை, பொதுவாக ஓட்டல் செலவும் உங்கள் தலையில் விழாது. டெக்சாஸ் சொத்துச் சட்டம், தீ, ஆலங்கட்டி போன்றவற்றால் வீடே சேதமாகும் நிலைமையைத் தனியாகப் பேசுகிறது. வீடு முழுவதும் குடியிருக்க லாயக்கில்லாமல் போனால் இருவரில் யார் வேண்டுமானாலும் எழுத்தில் அறிவித்து ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம். ஒரு பகுதி மட்டும் என்றால் வாடகைக் குறைப்புக்குக் குடித்தனக்காரர் நீதிமன்றம் போக வேண்டும், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் அது செல்லும். அந்த "வேறு மாதிரி" எழுதும் உரிமையைப் பயன்படுத்துங்கள். கரண்ட் இத்தனை நாளுக்கு மேல் இல்லையென்றால் நாளுக்கு இவ்வளவு வாடகை கழிவு என்று ஒரு வரி போட்டுவிட்டால், புயல் நேரத்தில் இரண்டு பேரும் சண்டை போட வேண்டியதில்லை.

சட்டத்தைத் தாண்டி என் அபிப்பிராயத்தையும் சொல்கிறேன். ஜூலை மாத ஹூஸ்டன் வெயிலில், ஏசி இல்லாத வீட்டில் குழந்தைகளை வைத்துக்கொண்டு ஒருவர் எட்டு நாள் இருக்க முடியாது. ஒழுங்காக வாடகை கொடுத்துக்கொண்டிருக்கும் குடும்பத்துக்கு 600 டாலர் விட்டுக்கொடுத்தது நல்ல காரியம். அவர்கள் காலி செய்துபோய் வீடு ஒரு மாதம் பூட்டிக் கிடந்தால் அதைப்போல நான்கு மடங்கு போயிருக்கும் என்பது ஒரு பக்கம், மனிதருக்கு மனிதர் செய்ய வேண்டியது என்பது இன்னொரு பக்கம்.

குடித்தனக்காரர்களுக்கான இன்ஷூரன்ஸ் எடுக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் கண்டிப்பாக எழுதுங்கள். உங்கள் பாலிசி அவர்களுடைய சோபாவுக்கும் டிவிக்கும் ஒரு டாலர்கூடத் தராது, இதை அவர்களில் பலர் வெள்ளம் வந்த பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள். அந்த இன்ஷூரன்ஸிலும் பெரும்பாலும் வெள்ளம் சேராது. பொருட்களுக்கு மட்டும் அரசின் வெள்ளக் காப்பீட்டை குடித்தனக்காரரே தன் பெயரில் 1 லட்சம் டாலர் வரை எடுத்துக்கொள்ளலாம். வீட்டுச் சாவி கொடுக்கும் அன்றே இதைச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: நான் வீடு வாங்குபவள் இல்லை, வாடகைக்கு இருப்பவள். மெயர்லேண்டில் வீடு பார்த்திருக்கிறேன். இதற்கு முன்னால் வெள்ளம் வந்ததா என்று வீட்டுக்காரர் சொல்லியே ஆகவேண்டுமா?
- வாசகி, ஹூஸ்டன்

பதில்: ஆமாம். 2022 ஜனவரி 1 முதல் டெக்சாஸில், வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் தனித் தாளில் இதை எழுதிக் கொடுக்க வேண்டும். வீடு நூறு வருட வெள்ளப் பகுதியில் இருக்கிறதா, கடந்த ஐந்து வருடத்தில் வெள்ளச் சேதம் நடந்ததா, இரண்டையும். தராமல் விட்டு, பிறகு வெள்ளத்தில் உங்கள் பொருட்களின் மதிப்பில் பாதியோ அதற்கு மேலோ போனால், 30 நாளுக்குள் எழுத்தில் தெரிவித்து நீங்கள் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம்.

ஐந்து வருடம் என்பதைக் கவனியுங்கள். ஹார்வி நடந்தது 2017இல். அதில் இடுப்பளவு தண்ணீர் நின்ற வீடாக இருந்தாலும், இன்றைக்கு அந்தத் தாளில் "இல்லை" என்று குறித்தால் அது பொய்யாகாது. அதனால் ஹார்வியில் வந்ததா, 2015, 2016இல் வந்ததா என்று வருடம் சொல்லி மின்னஞ்சலில் கேட்டு, பதிலை வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரர்களுக்கும் சொல்கிறேன், கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள். தெரிந்து வருகிற குடித்தனக்காரர் காரை உயரத்தில் நிறுத்துவார், பொருட்களை மேலே ஏற்றுவார். தெரியாமல் வருகிறவருக்கு நடு ராத்திரியில்தான் தெரியும்.

கேள்வி: கால்வஸ்டன் கடற்கரையில் ஒரு சிறிய வீடு வாங்கி, விடுமுறைக்கு வருபவர்களுக்கு நாள் வாடகைக்கு விடலாம் என்று இருக்கிறோம். நாங்கள் இருப்பது நியூ ஜெர்சியில். நல்ல லாபம் என்று நண்பர் சொல்கிறார்.
- வாசகர், எடிசன்

பதில்: முதல் முதலீடாக, அதுவும் அவ்வளவு தூரத்திலிருந்து, வேண்டாம்.

அந்தத் தீவின் வரலாறு தெரிந்தவர்கள் அதை மரியாதையோடுதான் பார்ப்பார்கள். 1900 செப்டம்பர் 8 அன்று வந்த புயலில் குறைந்தது 6,000 பேர் இறந்தார்கள், அமெரிக்காவில் அதைவிட அதிகம் பேரைப் பலிகொண்ட இயற்கைப் பேரிடர் இதுவரை இல்லை. அதன் பிறகுதான் கடல் சுவரைக் கட்டி, ஊரின் தரைமட்டத்தையே உயர்த்தினார்கள். 2008இல் ஐக் புயல் வந்தபோது தண்ணீர் சுவருக்குப் பின்பக்கம், வளைகுடா வழியாக ஊருக்குள் வந்தது.

பணத்துக்கு வருவோம். கடலோரக் கவுண்ட்டிகள் 14இலும், ஹாரிஸ் கவுண்ட்டியின் கிழக்கு ஓரத்திலும் சாதாரண வீட்டு பாலிசி பெரும்பாலும் புயல் காற்றை விலக்கிவிடும். அதற்கு டெக்சாஸ் காற்றுக் காப்பீட்டுச் சங்கம் என்று ஒன்று இருக்கிறது, ட்வியா என்பார்கள். அங்கே எடுக்க, வீடு காற்றைத் தாங்கும் விதிப்படி கட்டப்பட்டதற்கான சான்றிதழ் வேண்டும். கூரையை மாற்றினால் அதற்கும் சான்றிதழ் வேண்டும். ஆக வீட்டுக்கு ஒன்று, காற்றுக்கு ஒன்று, வெள்ளத்துக்கு ஒன்று என்று மூன்று பாலிசி, மூன்று டிடக்டிபிள். சேதம் காற்றாலா தண்ணீராலா என்று அவர்களுக்குள் வழக்கு வந்தால் நடுவில் நிற்பது நீங்கள். புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை, கடற்கரைக்கு ஆட்கள் வரும் கோடை அதற்குள்தான் இருக்கிறது. ஊரைக் காலி செய்யச் சொல்லி உத்தரவு வந்தால் அந்த வார வருமானம் போச்சு, உப்புக்காற்றில் ஏசி பெட்டியும் கதவுக் கீல்களும் சீக்கிரம் துருப்பிடிக்கும், அதைப் பார்க்க ஆள் வேண்டும். உங்கள் நண்பர் லாபத்தைச் சொன்னபோது எத்தனை பாலிசிக்குப் பிரீமியம் கழித்தார் என்று கேளுங்கள்.

கேள்வி: நான் வெளியூரில் இருந்துகொண்டு ஹூஸ்டன் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன். புயல் வந்த மறுநாள் என்ன செய்ய வேண்டும்?
- வாசகர், சான் ஹோசே

பதில்: மறுநாளைவிட மே மாதத்தில் செய்ய வேண்டியதுதான் அதிகம். அரசு வெள்ளக் காப்பீடு எடுத்தால் நடைமுறைக்கு வர 30 நாள் ஆகும் (கடன் வாங்கி வீட்டை முடிக்கும்போதே அதோடு சேர்த்து எடுத்தால் இந்தக் காத்திருப்பு இல்லை). வளைகுடாவில் பெயர் வைத்த புயல் ஒன்று சுற்றத் தொடங்கிவிட்டால் பல கம்பெனிகள் புது பாலிசி எழுதுவதையே நிறுத்திவிடும், டிடக்டிபிளை மாற்றவும் விடாது. ஆகவே பருவம் தொடங்குவதற்கு முன்பே பாலிசியைப் படித்து, ஒவ்வொரு அறையையும் கூரையையும் தேதியோடு படம் எடுத்து, ஊரிலேயே அலுவலகம் வைத்திருக்கும் ஒரு கூரைக்காரரையும் ஒரு பிளம்பரையும் பேசி வையுங்கள். மாத வாடகையில் 8 முதல் 10 சதவீதம் வாங்கிக்கொண்டு வீட்டைக் கவனிக்கும் நிர்வாகிகள் இருக்கிறார்கள். வெளியூரில் இருப்பவர் அதைத் தண்டச் செலவாக நினைக்கக் கூடாது.

தண்ணீர் வடிந்ததும் முதலில் குடித்தனக்காரர் பத்திரமா என்று கேளுங்கள். பிறகு எதையும் அகற்றுவதற்கு முன்பு படம், வீடியோ, சுவரில் தண்ணீர் நின்ற அளவுக்கோடு. இன்ஷூரன்ஸ்காரர் வரும்வரை எதையும் தொடாமல் விட வேண்டும் என்று சிலர் நனைந்த ஷீட்ராக் சுவர்ப் பலகையோடு காத்திருக்கிறார்கள், அது கூடாது. ஓரிரு நாளிலேயே பூஞ்சை பிடிக்கத் தொடங்கிவிடும், சேதம் பெருகாமல் பார்த்துக்கொள்வது உங்கள் கடமை என்று பாலிசியே சொல்கிறது. படம் எடுத்துவிட்டு, நனைந்த உயரத்துக்கு மேலாகச் சுவர்ப் பலகையை வெட்டியெடுத்து, தரைவிரிப்பை வெளியே போட்டு, காற்றாடி ஓடட்டும். வெட்டியதில் ஒரு துண்டு மாதிரிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அரசு வெள்ளக் காப்பீட்டில் இழப்பு விவரத்தைக் கையெழுத்திட்டுக் கொடுக்க 60 நாள் கெடு.

கதவைத் தட்டி வரும் காண்ட்ராக்டர்களிடம் கவனம். டெக்சாஸில் கூரை போடுபவருக்கோ பொதுக் காண்ட்ராக்டருக்கோ மாநில உரிமம் என்று ஒன்று கிடையாது, யார் வேண்டுமானாலும் டிரக்கில் பெயரை ஒட்டிக்கொண்டு வரலாம். "டிடக்டிபிள் நீங்கள் கட்ட வேண்டாம், நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்று ஒருவர் சொன்னால் அங்கேயே பேச்சை நிறுத்துங்கள், 2019 முதல் அது சட்டவிரோதம். வெளியூரிலிருந்து வரும் பேரிடர்க் காண்ட்ராக்டர் வேலை தொடங்குவதற்கு முன் பணம் கேட்கவும் சட்டம் அனுமதிப்பதில்லை.

கேள்வி: ஹார்வியில் மூழ்கிய வீடு, அழகாகப் புதுப்பித்திருக்கிறார்கள். பக்கத்து வீடுகளைவிட 40,000 டாலர் குறைவு. வாடகை மட்டும் ஒரே மாதிரிதான் வரும். வாங்கினால் என்ன?
- வாசகி, பியர்லேண்ட்

பதில்: ஒரு தடவை மூழ்கிய வீடு என்பதற்காக மட்டும் நான் ஒதுக்க மாட்டேன், உண்மையை மறைக்காமல் விலையிலும் அதைக் காட்டியிருக்கிறார்கள் என்பது நல்ல அறிகுறி. ஆனால் சில காகிதங்கள் வேண்டும். புதுப்பித்ததற்கு நகராட்சி அனுமதி வாங்கினார்களா? வெள்ளப் பகுதியில் இருக்கும் வீட்டின் சேதம் அதன் சந்தை மதிப்பில் 50 சதவீதத்தை எட்டினாலோ தாண்டினாலோ, இன்றைய வெள்ள விதிப்படி உயர்த்தித்தான் சரிசெய்ய வேண்டும். அனுமதி இல்லாமல் பெயின்ட் அடித்து முடித்திருந்தால், அந்தச் சிக்கல் உங்கள் பெயருக்கு மாறும். வீட்டின் தரை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று காட்டும் உயரச் சான்றிதழைக் கேளுங்கள். இதற்கு முன் எத்தனை தடவை வெள்ளக் காப்பீட்டில் பணம் வாங்கியிருக்கிறார்கள் என்ற விவரத்தை உரிமையாளர் ஃபீமாவிடம் கேட்டு வாங்க முடியும், அதை வாங்கித் தந்தால்தான் மேற்கொண்டு பேச்சு என்று சொல்லுங்கள். ஹார்விக்கு மட்டும் என்றால் பரவாயில்லை. ஹார்வி மாதிரி மழை எல்லா வருடமும் பெய்யாது. மூன்று தடவை என்றால் 40,000 போதாது.

விற்பவரிடம் அரசு வெள்ளக் காப்பீடு ஓடிக்கொண்டிருந்தால் அதை உங்கள் பெயருக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். 2021 அக்டோபரில் புது விலை முறை வந்த பிறகு, பழைய பாலிசிகளுக்குப் பிரீமியம் ஒரேயடியாக ஏறாமல் வருடாவருடம் கொஞ்சமாக ஏறுகிறது. நீங்கள் புதிதாக எடுத்தால் முழு விலை. அவர் இப்போது எவ்வளவு கட்டுகிறார், முழு விலை எவ்வளவு என்று இரண்டையும் எழுத்தில் வாங்கி, முழு விலையை வைத்து வாடகைக் கணக்குப் போடுங்கள். நீங்கள் பிறகு விற்கும்போதும் வாங்க வருகிறவர் இதே கேள்விகளைக் கேட்பார் என்பதால், இந்தக் காகிதங்களையெல்லாம் ஒரே கோப்பில் வையுங்கள்.